ஒரு மணிக்கு நின்றுபோன சர்வர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோடு போட்ட தாளிலும் கோட்டில் நிற்காது. சின்ன ர, பெரிய ற இரண்டில் எங்கே எது வரும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வருகைப் பதிவேட்டில் என் பெயர் மட்டும்தான். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலையில் கதவைத் திறப்பது, தரை துடைப்பது, அடையாறு கிளைக்கு பஸ்ஸில் போய் ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் கொண்டுவருவது, எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் போனை எடுப்பது. இதுதான் என் வேலை. அதற்கு முன்னால் பத்து வருஷம் ஓட்டலில் மேஜை துடைத்தேன். சர்வராக ஆக்குகிறேன் என்று முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டார். முன்பின் தெரியாதவர்களின் முகத்தைப் பார்த்து "என்ன சாப்பிடறீங்க" என்று கேட்க எனக்குக் கூச்சம். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருஷக் கடைசியில் எங்கள் நிலையத்துக்குப் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று வந்தபோது, மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கடைசி ரூமைக் காலி பண்ணிடு, சர்வர் வரது" என்றார். யாரோ ஓட்டல்காரர் வேலைக்கு வருகிறார், அவர் தங்குவதற்கு இடம் என்று நினைத்து, நான் ஒரு பாயும் குடிதண்ணீர்ப் பானையும் வைத்துவிட்டேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு மாதம் வரைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னப்பா, உன் சர்வருக்குப் பசிக்கறதாமே" என்பார்.

அந்த அறைக்கு ஏ.சி. போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்தவர் தி.நகரில் இருந்து ஸ்கூட்டரில் வரும் ஒரு இன்ஜினியர். சனிக்கிழமை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவார். தி.நகரில் ஒன்று, அடையாற்றில் ஒன்று என்று எங்களுக்கு இரண்டு கிளைகள். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்கள் டெலிபோன் லைன் வழியாக எங்கள் மெஷினைக் கூப்பிடும். கூப்பிடும்போது ஒரு கீச்சுச் சத்தம் வரும். பிறகு சுவர் ஓரமாக வைத்த சின்னப் பெட்டியில் கிளைக்கு ஒன்றாகச் சிவப்பு விளக்கு எரியும்.

எனக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. தி.நகரில் ஒருவர் தட்டினால், எழுத்து விழுவது மயிலாப்பூரில் என்றார்கள். துடைக்கப் போகும்போதெல்லாம் திரையைப் பார்ப்பேன். ஒரு எழுத்தும் விழவில்லை. ஒரு சனிக்கிழமை கூச்சத்தை விட்டு இன்ஜினியரிடம் கேட்டேன்.

"சார், அவங்க அங்க அடிக்கிறது இங்க ஏன் தெரியல?"

அவர் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "இந்த மெஷினுக்குள்ள ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு திரை இருக்கு. அவங்க அங்க பாக்கறது, அவங்களுக்குன்னு இதுக்குள்ள இருக்கற திரை. அங்க இருக்கற பெட்டி சும்மா ஜன்னல் மாதிரி. கை மட்டும்தான் அங்க. வேலை நடக்கறது பூரா இங்கதான்."

கை அங்கே, வேலை இங்கே. அன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை. மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, வழக்கம்போல் மெஷின் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தரையைத் துடைத்துவிட்டு, எழுத்துப் பலகையையும் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைப்பது வழக்கம். அதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், திரையின் நடுவில் சின்னதாக ஒரு கட்டம். அதற்குள் ஒரு வரி இங்கிலீஷ். சுவர் ஓரத்துச் சிவப்பு விளக்குகள் இரண்டும் அணைந்தன. நான் துணியோடு நின்றேன். போன் அடித்தது. தி.நகர் கிளைக்காரர்.

"யோவ், இன்னாய்யா ஆச்சு? பாதி ரிப்போர்ட் அடிச்சிக்கினு இருந்தேன், புட்டுகிச்சு."

மேனேஜர் வந்து பார்த்தார். இன்ஜினியருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, மேனேஜர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யாருமில்லை. துடைக்கறவன்தான் உள்ள இருந்தான். துணியால கீபோர்டைத் தேய்ச்சிண்டிருந்திருக்கான்."

நான் எதையோ அமுக்கிவிட்டேன் என்று முடிவானது. நானும் அப்படித்தான் நினைத்தேன். மெஷினைத் திரும்பக் கிளப்பி, கெட்டுப்போன பழைய பதிவுகளைச் சரிசெய்ய இன்ஜினியருக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் ஆனது. ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஓய்ந்துபோனார்கள். அதில் மசக்கையாய் இருந்த ஒரு பெண் எழுந்துபோய் வாசலில் வாந்தி எடுத்தார். அவருக்கு நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நான் எழுத்துப் பலகைப் பக்கமே போகவில்லை. தரையை மட்டும், அதுவும் மேஜையில் இருந்து இரண்டு அடி தள்ளித் துடைத்தேன். ஒரு மணி தாண்டியதும் அதே கட்டம், அதே இங்கிலீஷ் வரி.

"நான் ஒண்ணும் பண்ணல சார். தொடச்சிக்கினு இருந்தேன். அதுவா நின்னுகிச்சு."

"அதுவா நிக்கறதுக்கு அதென்ன மாடா?" என்றார் மேனேஜர். "எங்காத்துல ஃப்ரிட்ஜ் பன்னண்டு வருஷமா ஓடிண்டிருக்கு. ஒரு நாள் தானா நின்னதில்லை. நீ உள்ள இருக்கறச்சே மட்டும் இது நிக்கறது. நான் இருக்கறச்சே நின்னிருக்கா?"

அவர் ஒரு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். அவர் இருக்கும்போது அது எப்படி நிற்கும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கே துடைத்துவிட்டு வெளியே வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி ஐந்து நிமிஷத்துக்குப் போன் அடித்தது. தி.நகர்க்காரர். "மறுபடியும் புட்டுகிச்சு. இன்னா, மெஷினுக்கும் மத்தியானத் தூக்கமா?"

மேனேஜர் வந்ததும், "இன்னிக்கு நான் உள்ளயே இல்ல சார்" என்றேன்.

"பன்னண்டு மணிக்கு என்னத்தப் பண்ணித் தொலைச்சியோ, அது ஒரு மணிக்கு நின்னிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் குரலைத் தாழ்த்தினால்தான் பயம். "இன்னொரு தரம் நின்னுதுன்னா டாக்டரம்மாகிட்ட சொல்லிடுவேன். நீ வேற இடம் பாத்துக்கோ."

டாக்டரம்மாதான் நிலையத்தின் சொந்தக்காரர். மேனேஜர் சொன்னால் மறுபேச்சு இல்லை. எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அந்த வயதில் ஐந்தாவது படித்தவனுக்கு வேறு இடம் என்றால், திரும்பவும் ஓட்டல் மேஜைதான். அதையும் இப்போது சின்ன வயதுக்காரர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மெஷின் நிற்கவில்லை. அன்றும் துடைத்தேன், அப்படியும் நிற்கவில்லை. யோசித்துப் பார்த்தால் போன வியாழன், சனியிலும் நிற்கவில்லை. துடைப்பது வாரத்தில் ஆறு நாள், நிற்பது மூன்று நாள். அப்படியானால் என் துணியில் குற்றம் இல்லை. வேறு எதுவோ மூன்று நாள் மட்டும் நடக்கிறது.

அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. மெஷின் நின்றால் தி.நகர்க்காரர் உடனே கூப்பிட்டுத் திட்டுகிறார். அடையாற்றில் இருந்து ஒரு தடவைகூடப் போன் வரவில்லையே? அங்கேயும் இதே மெஷினில்தானே வேலை செய்கிறார்கள்? அடையாறு கிளை புதிது. பொங்கலுக்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் போட்டார்கள். அங்கே வேலை திங்கள், புதன், வெள்ளி மட்டும், அதுவும் ஒரு மணி வரைக்கும்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஐஸ் பெட்டியோடு அடையாறு போனேன். அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவர் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். தி.நகரில் ஒரு வகுப்பில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவர். கவர் போட்டு மூடி, திரையைத் துடைத்து, மெஷினைக் குழந்தை மாதிரி வைத்திருப்பார். அவரிடம் நான் அதிகம் பேசியதில்லை. அன்று குப்பிகளை எண்ணி வாங்கிக்கொண்டு, அவர் மேஜை முனையைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏம்மா, ஒரு மணிக்குக் கெளம்பச்சொல்ல இத இன்னா பண்ணுவீங்க? ஸ்விட்ச்ச அமுக்கிட்டுப் போயிடுவீங்களா?"

"ஐயோ, அப்படி அமுக்கவே கூடாதுண்ணா. கெட்டுப்போயிடும். கிளாஸ்ல முதல் நாளே சொன்னாங்க." திரையில் ஒவ்வொரு இடமாக விரலை வைத்துக் காட்டினார். "இங்க ஸ்டார்ட். அப்புறம் ஷட் டவுன். நெசமாவானு கேக்கும். எஸ். அப்புறம்தான் ஸ்விட்ச். தி.நகர்ல இருக்கறவர் இதெல்லாம் பண்றதே இல்லையாம். அப்படியே ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவாராம். அவரையெல்லாம் யார் கேக்கறா?"

கை அங்கே, வேலை இங்கே. அவர் விரல் காட்டிய இடம் அடையாற்றில் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் அணைப்பது தன்னுடைய பெட்டியை இல்லை. ஒழுங்காக மூடிவிட்டுப் போக வேண்டும் என்று கற்றுக்கொண்டவர், வேலைக்கு வரும் நாளெல்லாம் எங்கள் மெஷினை ஒழுங்காக மூடிவிட்டுப் போகிறார். முறை தெரியாத தி.நகர்க்காரரால் ஒரு கெடுதலும் இல்லை.

"அத அமுக்காதீங்கம்மா" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பஸ் பாலத்தின் மேல் போகும்போது கணக்குப் போட்டேன். இன்று அவர் அமுக்காவிட்டால் மெஷின் நிற்காது. நிற்காவிட்டால் மேனேஜர் என்ன சொல்வார்? மிரட்டினதும் திருந்திட்டான் என்பார். அந்தப் பழி என் மேல் அப்படியே நிற்கும். நான் போய் அடையாற்றில்தான் தப்பு என்று சொன்னால், கம்ப்யூட்டர் படித்த பெண்ணை ஐந்தாவது படித்தவன் குற்றம் சொல்கிறான் என்பார். கண்ணால் பார்த்தால்தான் அவர் நம்புவார்.

பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் மேஜை முன்னால் போய் நின்றேன். அவ்வளவு வருஷத்தில் நானாகப் போய் நின்றது அதுதான் முதல் தடவை.

"சார், இன்னிக்கு ஒரு மணிக்கு மட்டும் நீங்க மெஷின் ரூம்ல குந்துங்க சார். நான் செவுத்தாண்ட நிக்கறேன். கையக் கட்டிக்கினு நிக்கறேன்."

"எதுக்கு? எனக்கென்ன அங்க சத்யநாராயண பூஜையா?"

"ஒரு நாள் சார்."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியவில்லை. வீட்டில் இருந்து சாப்பாட்டை வரவழைத்தார். ஒரு மணிக்கு மெஷின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து மோர் சாதம் சாப்பிட்டார். நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கையைக் கட்டி நின்றேன். துணியும் வாளியும் வாசலுக்கு வெளியே.

ரிசப்ஷன் போன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அடையாறு நம்பர் எனக்கு மனப்பாடம். ஒரு மணி அடித்த பிறகும் கூப்பிடலாம். கூப்பிடவில்லை.

ஒரு மணி நாலு நிமிஷத்துக்கு, மேனேஜர் மாவடுவைக் கடிக்கும்போது, திரையில் அந்தக் கட்டம் வந்தது. முதலில் அடையாற்று விளக்கு அணைந்தது, அப்புறம் தி.நகர் விளக்கு. அவர் கடித்த வடுவை வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். போன் அடிக்க ஆரம்பித்தது.

"யாரும் தொடலையே" என்றார் கடைசியில்.

"அடையாறு சார்" என்றேன். பார்த்ததையும் கேட்டதையும் சொன்னேன்.

மறுநாள் இன்ஜினியர் வந்தார். மெஷின் தன் நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைக்குமாம். அதைத் திறந்து பார்த்தார். மெஷின் நின்ற எல்லா நாளும் ஒரு மணிக்கு, மூடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. ஆனால் யார் மூடியது என்று தெரியவில்லை. அடையாறு, தி.நகர், மேனேஜர் எல்லோருக்கும் அவர் ஒரே பெயரும் ஒரே சாவிச் சொல்லும் கொடுத்திருந்தார். அதுவும் எல்லாம் செய்ய அதிகாரம் உள்ள பெயர்.

"சுலபமா இருக்கட்டும்னு குடுத்தேன். என் தப்பு சார்" என்று மேனேஜரிடம் சொன்னார். "இன்னொண்ணு, ஆளுங்க வந்து போற மெஷின்லயே பதிவையும் வச்சிருக்கக் கூடாது. ரெண்டையும் பிரிக்கணும். ஒருத்தர் தப்பா மூடினாலும் பதிவு பத்திரமா இருக்கும். மெதுவாப் போகுதுன்னு சொல்றீங்களே, அதுவும் இதனாலதான். ஒரே மெஷின் எல்லாருக்கும் திரையும் காட்டணும், பதிவையும் தேடணும்."

மேனேஜர் புரிந்த மாதிரி தலையை ஆட்டினார். எனக்கு நிஜமாகவே புரிந்தது. கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "சர்வரும் சரக்கு மாஸ்டரும் ஒரே ஆளா இருக்காரு."

இன்ஜினியர் திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

வாயை விட்டாகிவிட்டது. "ஓட்டல்ல சார். டேபிளாண்ட வந்து கேக்கறது சர்வரு. உள்ள சமைக்கிறது சரக்கு மாஸ்டரு. ரெண்டு வேலையும் ஒரே ஆளு பண்ணா தோசைக்கு ஒரு மணி நேரம் ஆவும். இங்க சாப்பிட வந்தவங்க அடுப்பாண்டயே குந்திக்கினு கீறாங்க. ஒருத்தரு சாப்பிட்டுட்டுப் போவச்சொல்ல, மரியாதையா அடுப்பையும் அணைச்சிட்டுப் போறாரு."

இன்ஜினியர் சிரித்து அடங்க நேரம் ஆனது. "இதை டாக்டரம்மாகிட்ட நானே சொல்றேன். இப்படிச் சொன்னா உடனே இன்னொரு மெஷின் வாங்கிடுவாங்க" என்றார். அப்படியே வாங்கினார்கள்.

புது மெஷினைப் பழைய ஃபைல் அறையில் வைத்துப் பூட்டினார்கள். பதிவெல்லாம் அதற்குள். முதல் மெஷினில் கிளைக்காரர்கள் வந்து வேலை செய்வார்கள். அது மட்டும்தான் உள்ளே இருப்பதிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கும். வெளியில் இருந்து யாரும் நேராக அங்கே போக முடியாது. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிச் சாவிச் சொல். பழைய ரிப்போர்ட் கேட்டு வருபவர்கள் முன்பெல்லாம் எதிர்க் கடையில் காப்பி குடித்துவிட்டு வருவார்கள். இப்போது சீட்டை மடித்துப் பையில் வைப்பதற்குள் காகிதம் வந்துவிடுகிறது. அடையாற்றுத் திரையில் ஷட் டவுன் என்ற வார்த்தையையே இன்ஜினியர் எடுத்துவிட்டார். உள்ளறைச் சாவி அவரிடமும் மேனேஜரிடமும் மட்டும். துடைக்கக்கூட என்னை விடுவதில்லை. கதவுக்கு அடியில் தூசு சேர்ந்திருப்பது தெரிகிறது. உள்ளே அது என்ன சத்தம் போடுகிறது என்று அந்தப் பக்கம் போகும்போது காதை வைத்துக் கேட்பேன்.

மேனேஜர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேறு இடம் பார் என்ற பேச்சு மட்டும் அதோடு நின்றது.

ஆனால் அடையாற்றுப் பெண்ணிடம் விளக்கக் கடிதம் கேட்டார். இன்ஜினியர் தன் தப்பு என்று சொன்ன பிறகும் கேட்டார். அந்தப் புதன்கிழமை கெட்டுப்போன காலைப் பதிவுகள் முழுவதையும் அவர்தான் மயிலாப்பூருக்கு வந்து உட்கார்ந்து திரும்ப அடித்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். "தேங்க்ஸ்ணா" என்றார். அந்தத் தேங்க்ஸ் பத்து மாதம் என் நெஞ்சில் முள் மாதிரி இருந்தது.

போன மாதம், மழை பிடித்துக்கொண்டதால் அடையாற்றில் பஸ் கிடைக்காமல் நின்றுவிட்டேன். கிளையில் அவரும் நானும் மட்டும். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பதினொரு மணிக்கே எனக்குத் தெரியும் என்று.

அவர் கம்ப்யூட்டர் மேல் கவரை இழுத்து மூடினார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்லண்ணா?"

"பண்ணியிருக்கலாம்மா."

"பண்ணியிருந்தா?"

"மெஷின் நின்னிருக்காது. சாரு என்ன நம்பியிருக்க மாட்டாரு."

அவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். "நம்பியிருக்க மாட்டார்தான்" என்றார். பிறகு, "அதுக்காக நான் மாட்டணுமா?" என்றார்.

பஸ் வரும் சத்தம் கேட்டு எழுந்தேன். அப்போது சொன்னார்: "உங்க சார் என் விளக்கத்த மூணு தரம் திருப்பி அனுப்பினார். நடந்தது நடந்தபடி இல்லையாம். எனக்கு நடந்தது என்னன்னே அப்ப தெரியாது. இப்ப நீங்க எழுதிக் குடுங்க."

"யாருக்கும்மா? சாருக்கா?"

"எனக்கு."

ஒரு பக்கம் எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நோட்டில் பாதி தீர்ந்துவிட்டது. நாளைக்குக் காலையில் ஐஸ் பெட்டியோடு இதையும் அடையாற்றுக்கு எடுத்துப்போவேன். அவர் படித்த பிறகு யார் கேட்டாலும் கொடுக்கட்டும்.

12-12-1999, ஞாயிற்றுக்கிழமை.